கானை வெட்டிவிட்டுக் கடைக்குப் போங்கள்

(பூண்டுலோயாவில் வீடு திருத்துவோருக்காக நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



“வீட்டுக்கு என்ன டைல்ஸ் போடலாம்?” கொஞ்சக் காலமாக என்னிடம் ஆட்கள் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். திருவிழாவில் கேட்கிறார்கள், சாவு வீட்டில் கேட்கிறார்கள், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்தபடி கேட்கிறார்கள். ஒருநாள் இரவு குவைத்திலிருந்து ஒரு தங்கை தொலைபேசியில் பேசியது. வீட்டு வேலைக்குப் போய் நாலு வருஷம். “அண்ணே, எங்க அம்மா காலமெல்லாம் சாணி மெழுகுனாங்க. அவங்க இருக்கப்பவே அவங்க கால் ஒரு தடவ டைல்ஸ்ல படணும். எது நல்ல டைல்ஸ்னு மட்டும் சொல்லுங்க” என்றது. அந்தப் பிள்ளைக்கு அன்றைக்கு நான் சொன்னதையும், பிறகு அதன் வீட்டில் போய்ப் பார்த்ததையும் வைத்துத்தான் இன்று பேசப் போகிறேன்.

நானும் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளை. பத்தடிக்குப் பன்னிரண்டு அடி, ஒரே காம்பரா. முன்னால் இஸ்தோப்பு என்கிற ஒரு சின்னத் தாழ்வாரம். அந்த நூற்றிருபது சதுர அடியில் ஏழு பேர் படுத்தோம். வெள்ளிக்கிழமை தோறும் அம்மா தரையை மெழுகுவார். ஆடி மாத மழையில் மெழுகியது காயாது. “கால வைக்காதடா, இன்னும் ஒணரல” என்று வாசலிலேயே நிறுத்திவிடுவார். அடுப்புச் சாம்பலை அள்ளித் தூவி, அதன் மேல் சாக்கை விரித்துத்தான் எங்களைப் படுக்க வைப்பார். விடிந்தால் சாக்கு ஈரம், சட்டை ஈரம், தம்பிக்கு இழுப்பு. சாணம் மெழுகிய தரையைப் பற்றி இப்போது சிலர் ஏக்கத்தோடு எழுதுகிறார்கள். வெயில் அடிக்கும் ஊரில் அது நல்ல தரை. எங்கள் மலையில் அது நோய்த் தரையாகத்தான் இருந்தது. இதை மறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

அந்தத் தரையை மாற்றும் உரிமையும் நமக்கு இருக்கவில்லை. 1972இலும் 1975இலும் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. 1992இல் நிர்வாகம் கம்பெனிகளின் கைக்குப் போனது. யார் கைக்குப் போனாலும் லயம் தோட்டத்துக்குரியதாகவே இருந்தது. சுவரைக் கொஞ்சம் தள்ளிக் கட்டுவதற்குக்கூடத் தோட்டத் துரையிடம் கேட்க வேண்டும். தன் வீட்டுத் தரைக்கு எது பொருந்தும் என்று யோசிக்கிற பழக்கமே நம் சனத்துக்கு வராமல் போனதற்கு இதுதான் காரணம். அடுத்தவன் வீட்டுத் தரையை நாம் நன்றாக அறிவோம். பங்களாவின் மரத்தரையை மண்டியிட்டுத் தேய்த்துப் பளபளக்க வைத்தது நம் ஆட்கள்தானே.

சொந்தத் தரை இல்லாத அந்த நிலை நம் கண்முன்னாலேயே மாறத் தொடங்கியது. இதே பூண்டுலோயாவில், டன்சினன் தோட்டத்தில், 2018 ஓகஸ்ட் 12ஆம் திகதி இந்திய உதவியில் கட்டிய 404 வீடுகள் கையளிக்கப்பட்டன. மகாத்மா காந்திபுரம் என்று பெயர். ஏழு பேர்ச் காணி, 550 சதுர அடி வீடு, ஒவ்வொன்றுக்கும் ஒன்பதரை இலட்சம் ரூபா உதவி. அத்திவாரம், சுவர், கூரை என்று வேலை ஏற ஏறப் பணம் வந்தது. வீட்டுக்காரரே முன்னின்று கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. 550 சதுர அடி என்பது பழைய காம்பரா நாலரைக்கு மேல். அந்த வீட்டுக்குள் முதல் நாள் நுழைந்த ஒரு தாய் தரையைக் கையால் தடவிப் பார்த்ததை நான் கண்டேன். “என்ன பாக்குறீங்க அக்கா” என்றேன். “எங்கயும் ஈரமில்லயே” என்றார்.

அதனால் டைல்ஸ் ஆசையை யாரும் ஆடம்பரம் என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நம் சனத்தின் இருநூறு வருஷத்துக் கால் பதிந்த தரை எதுவும் நம்முடையதாக இருக்கவில்லை. சொந்தத் தரை கிடைத்ததும் அது மின்ன வேண்டும் என்று நினைப்பது நியாயம். நான் சொல்ல வந்தது வேறு. காசு செலவாகும் வரிசையைத் திருப்பிப் போடுங்கள்.

குவைத் தங்கையிடம் நான் கேட்டது ஒரே கேள்வி. “பின் சுவர் எப்படி இருக்கு?” டைல்ஸைப் பற்றிக் கேட்டால் இவர் சுவரைப் பற்றிக் கேட்கிறாரே என்று அது யோசித்திருக்கும். “அது எப்பவும் பச்சையாத்தான் இருக்கும் அண்ணே” என்றது. அடுத்த ஞாயிறு நான் போய்ப் பார்த்தேன். சரிவை வெட்டி வீடு இறக்கியிருந்தார்கள். பின்னால் எட்டடி மண்மேடு. மேட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் உடம்பைத் திருப்பி நுழையும் இடம்தான். அந்த இடுக்கில் மண் சரிந்து, இலை மக்கி, சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஏறியிருந்தது. மேலேயிருந்து வரும் தண்ணீர் முழுக்க அங்கே தங்கிச் சுவரைக் குடிக்க வைத்துக்கொண்டிருந்தது. உள்ளே வந்து பார்த்தால் சுவரில் உப்புப் பூத்து, பெயின்ட் கொப்பளித்து, அலுமாரிக்குப் பின்னால் பூஞ்சணம். அந்தச் சுவரில் எந்த நாட்டு டைல்ஸை ஒட்டினாலும் நிற்காது. தண்ணீருக்கு வழி விடாமல் மேலே மூடினால், அது பக்கத்து அறைச் சுவரில் போய்க் கிளம்பும்.

அந்தத் தங்கை அனுப்பிய காசில் முதலில் செய்தது தண்ணீர் வடியும் கான். அந்த மண்ணை அள்ளி, சுவரிலிருந்து விலக்கி, சீமெந்து பூசிய கானாக இறக்கம் வைத்து, வீட்டின் ஒரு மூலையால் வெளியே எடுத்துவிட்டோம். மண்மேட்டின் தலையில் இன்னொரு சின்னக் கான். மேலே வரும் மழைத்தண்ணீர் மேட்டுக்குள் இறங்காமல் பக்கவாட்டில் போய்விடும். கூரைக்குப் பீலி போட்டோம். இதையெல்லாம் நமக்கு எவனும் சொல்லித்தர வேண்டியதில்லை. தேயிலை மலையில் கான் வெட்டிய சனம் நாம். எந்தச் சரிவில் எந்தக் கோணத்தில் கான் போனால் மண் கரையாது என்பது நம் அப்பன் பாட்டன் கைக்குத் தெரியும். கொழுந்துச் செடியின் வேருக்குக் கொடுத்த கவனத்தை நம் வீட்டு அத்திவாரத்துக்குக் கொடுக்கவில்லை.

சுவருக்குச் சொன்னது தரைக்கும் பொருந்தும். பழைய தரையை வைத்துக்கொண்டு மேலே எதையாவது போட நினைக்கிறவர்கள் ஒரு சோதனை செய்யுங்கள். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி தெளிவான பொலித்தீன் துண்டு ஒன்றை எடுத்து, தரையில் வைத்து, நாலு ஓரமும் காற்றுப் போகாமல் டேப் ஒட்டிவிடுங்கள். ஒரு இரவும் ஒரு பகலும் விடுங்கள். பிறகு பாருங்கள். பொலித்தீனின் அடிப்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால், அல்லது அந்த இடத்துத் தரை மட்டும் கறுத்திருந்தால், ஈரம் மண்ணிலிருந்து ஏறுகிறது. மேல்பக்கம் துளி நின்றால், வீட்டுக்குள் இருக்கும் ஈரக்காற்று குளிர்ந்த தரையில் பட்டுத் தண்ணீராகிறது. முன்னதுக்குத் தரையைக் கிளப்ப வேண்டும். பின்னதுக்கு ஜன்னலைத் திறந்து காற்று விட்டால் போதும். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் எத்தனை வீட்டில் காசு மண்ணாய்ப் போயிருக்கிறது!

தரையைக் கிளப்ப வேண்டி வந்தால் தயங்காதீர்கள். மண்ணைத் தட்டி இறுக்கி, அதன் மேல் தூள் இல்லாத சுத்தமான சல்லிக்கல்லை நாலு அங்குலமாவது பரப்புங்கள். மணலையோ மண்ணையோ நிரப்பினால் திரி எண்ணெயை இழுப்பதுபோல் அது தண்ணீரை மேலே இழுக்கும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் ஈரம் ஏற வழியில்லை. சல்லியின் மேல் கனமான பொலித்தீன், ஓரத்தில் சுவரோடு கொஞ்சம் மடித்து ஏற்றி. அதற்கு மேல் கொங்கிரீட். புதிதாகச் சுவர் எழுப்புகிறவர்கள் அத்திவாரத்துக்கு மேல் ஈரம் தடுக்கும் தார் பூச்சு இருக்கிறதா என்று மேசன் பாஸிடம் கேளுங்கள். நேரில் நின்று பாருங்கள். சுவர் எழும்பிய பிறகு அது கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத வேலைதான் முதலில் தவறிப்போகும்.

அதே ஈரத் தரையில் பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு மறைப்பதை இப்போது வீட்டுக்கு வீடு பார்க்கிறேன். மலிவு, பார்க்கவும் அழகு. ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள், கருப்பாகப் பூசணம் படர்ந்திருக்கும். பச்சைக் குழந்தை தவழும் வீட்டில் அதைச் செய்யாதீர்கள்.

இனி ஆசைப்பட்ட கடைக்குப் போவோம்.

தமிழ்நாட்டுச் சஞ்சிகைகளிலும் காணொளிகளிலும் தரையைப் பற்றிப் பேசினால் “வீடு குளுகுளுவென்று இருக்கும்” என்று புகழ்வார்கள். காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடிக் கல்லை அப்படித்தான் கொண்டாடுகிறார்கள். கண்ணாடித் தட்டில் வண்ணம் ஊற்றி, சீமெந்து அடைத்து, கையாலேயே செய்கிற அருமையான கல் அது. செட்டிநாட்டு வெயிலில் வெறுங்காலோடு நடந்தால் அதன் சுகம் தெரியும். நம் முன்னோர் வந்த சீமைக்கு அது சரி. இங்கே விடியற்காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குக் கிளம்புகிற ஒரு மனுஷி அந்தக் குளிர்ச்சியில் பாதம் வைத்தால் உள்ளங்கால் முதல் இடுப்பு வரை இழுக்கும். அங்கே குணம் என்று சொல்வது இங்கே குறை. வேறு ஊர்க்காரர் சொல்லும் யோசனையை எடுக்குமுன் அவர் ஊர் வெயிலை ஒருதரம் நினைத்துக்கொள்ளுங்கள்.

டைல்ஸ் காலிலிருந்து சூட்டை மரத்தைவிடப் பல மடங்கு வேகமாக இழுத்துக்கொள்ளும். அதனால்தான் ஒரே அறையில் ஒரே குளிரில் இருந்தாலும் பலகை இதமாகவும் டைல்ஸ் ஐஸ் மாதிரியும் தெரிகிறது. பங்களாத் துரைமார் மரத்தரை போட்டுக்கொண்டது சும்மா இல்லை. மரத்தரை நமக்கும் நல்லது என்று சொல்ல எனக்கும் ஆசை. ஆனால் அதற்கு அடியில் காற்றோட்டம் வேண்டும், நல்ல மரம் வேண்டும், பூச்சி பார்க்க வேண்டும். தோட்டத்துச் சவுக்கு மரத்தைப் பச்சையாக அறுத்துப் போட்டால் வருஷம் திரும்புமுன் வளைந்துவிடும். அதற்குப் பதிலாகப் படுக்கிற இடத்தில் மட்டும் பலகைக் கட்டில் போடுங்கள். வயதானவர்களைத் தரையில் பாய் போட்டுப் படுக்க வைக்காதீர்கள்.

மற்றொன்று வழுக்கல். என் சொந்த அப்பாயியை இழந்தது அதில்தான். சித்தப்பா வீட்டில் கண்ணாடி போலப் பளபளக்கும் பெரிய டைல்ஸ் போட்டிருந்தார்கள். மழையில் நனைந்த காலோடு இஸ்தோப்பிலிருந்து உள்ளே ஒரு அடி வைத்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. எழுந்திருக்கவே இல்லை, மூன்று மாதத்தில் போய்விட்டார். மினுக்கான டைல்ஸைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு அந்தச் சத்தம்தான் கேட்கிறது. கடையில் டைல்ஸ் பார்க்கும்போது ஒரு கோப்பை தண்ணீர் கேட்டு அதன் மேல் ஊற்றுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்று பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். மினுக்கமில்லாத, கொஞ்சம் சொரசொரப்பான தரை டைல்ஸ் என்று கேட்டு வாங்குங்கள். சுவருக்குச் செய்த டைல்ஸை விலை குறைவு என்று தரையில் போடவே போடாதீர்கள். அது மெலிசு, தண்ணீரும் குடிக்கும், மேலே கூடையை இறக்கினால் வெடிக்கும்.

தண்ணீர் குடிப்பதைப் பற்றி ஒரு விஷயம். போர்சலின் என்று விற்பது தன் எடையில் அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீர் எடுக்காது. சாதாரண சுவர் டைல்ஸ் பத்து சதவீதத்தையும் தாண்டும். பின்பக்கத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஒன்று உறிஞ்சும், மற்றதில் சொட்டு அப்படியே நிற்கும். ஒட்டும் முறையும் இதனால்தான் மாறுகிறது. தண்ணீர் குடிக்கிற டைல்ஸை ஊறவைத்துச் சீமெந்துச் சாந்தில் பதிக்கலாம். போர்சலினைச் சாந்தில் பதித்தால் பிடிப்பு கிடைக்காது. அதற்கென்று இருக்கும் ஒட்டுப்பசையை வாங்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இரண்டாம் வருஷமே கூடம் முழுக்கக் கூடாரம் போலக் கிளம்பிவிட்டது. நல்ல விலையுள்ள போர்சலின், வெறும் சாந்து, டைல்ஸுக்கும் டைல்ஸுக்கும் நடுவில் நூலிழை இடைவெளிகூட விடவில்லை. ஒட்டி முடிந்த பிறகு ஒரு நாணயத்தை எடுத்து ஒவ்வொன்றையும் தட்டிப் பாருங்கள். பொக்கென்று சத்தம் வந்தால், பாஸுக்கு மிச்சக் கூலி கொடுப்பதற்கு முன் அதைப் பேசி முடியுங்கள்.

சரி, நான் எதைச் சிபாரிசு செய்கிறேன்? படுக்கையறைக்கும் கூடத்துக்கும் சிவப்புச் சீமெந்துத் தரை. சிவப்புக் காவித் தூளைச் சீமெந்தில் கலந்து, கொங்கிரீட் ஈரம் காயுமுன் மேலே பூசி, இரும்புக் கரண்டியால் அழுத்தி அழுத்தி மெருகேற்றுகிற தரை. அதுவும் குளிரும், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் டைல்ஸைவிடக் காசு குறைவு, பொருத்து இல்லை, ஓரிடம் உடைந்தால் நம்மூர்ப் பாஸே வந்து பூசிவிடுவார். பாலிஷ் போட்டுத் தேங்காய் மட்டையால் தேய்த்த தரையின் நிறம் நாள் போகப் போகத்தான் கூடும். ஏழை வீட்டுத் தரை என்று கூச்சப்பட வேண்டாம். உலகம் அறிந்த நம் நாட்டுக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா பெரிய பெரிய கட்டடங்களில் மெருகு போட்ட சீமெந்துத் தரையை விரும்பிப் போட்டார். இந்தத் தரைக்கு ஒரே கெடு, ஏழு நாளாவது தண்ணீர் காட்டி ஈரச் சாக்கு மூட வேண்டும். அவசரப்பட்டு மூன்றாம் நாளே குடி புகுந்தால் முடி முடியாக வெடித்துவிடும்.

இஸ்தோப்புக்கு மெருகே வேண்டாம். மலையிலிருந்து வருகிறவர்கள் நனைந்த படங்கையும் கொங்காணியையும் அங்கேதான் கழற்றுகிறார்கள், தண்ணீர் ஓடும். விளக்குமாற்றால் கோடு இழுத்த சொரசொரப்பான சீமெந்துத் தரை, வெளிப்பக்கம் சாய்த்து.

டைல்ஸை எங்கே போடுவது என்றால் கக்கூஸிலும் குளிக்கிற இடத்திலும் குசினிச் சுவரிலும். அங்கே கஞ்சத்தனம் செய்யாதீர்கள். குளியலறைத் தரைக்கு நாலடிக்கு முக்கால் அங்குலம் இறக்கம் இருந்தால்தான் தண்ணீர் நிற்காமல் ஓடும். ஒரு வாளி ஊற்றிப் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். பல வீட்டுக் குசினியில் இன்னும் தேயிலை மிலாறு விறகுதான் எரிக்கிறோம். கேஸ் தீர்ந்தால் எல்லோரும் மிலாறுக்குத்தான் வருகிறோம். அந்தப் புகை சீமெந்துச் சுவரில் ஏறினால் கழுவ முடியாது. அடுப்பைச் சுற்றி நாலைந்து அடி உயரத்துக்கு வெளிர் நிற மினுக்கு டைல்ஸ் ஒட்டினால் ஒரு ஈரத்துணியில் போய்விடும். வெளிச்சமும் கூடும். வழுக்கும் மினுக்கு காலடியில்தான் எமன். சுவரில் அது உதவிதான்.

மற்றச் சுவர்களுக்குச் சுண்ணாம்பு. ஈரம் முழுக்கக் காயாத சுவரில் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் தோலைக் கிளப்பும். சுண்ணாம்பு மூச்சு விடும், பூஞ்சணத்தையும் அடக்கும். கான் வெட்டி ஒரு மழைக்காலமும் ஒரு வெயில் காலமும் போகட்டும். சுவர் காய்ந்தது என்று தெரிந்த பிறகு நீங்கள் விரும்பிய நிறத்தை அடியுங்கள்.

வீடு திருத்தும்போது பழைய அஸ்பெஸ்டஸ் சீட் கழற்றுவீர்கள். அதை உடைத்துத் தரைக்கு நிரப்புவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். உடையும்போது பறக்கிற நார் நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது. எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தண்ணீர் தெளித்து நனைத்து, ஆணியைப் பிடுங்கி, முழுதாகவே இறக்குங்கள். பிள்ளைகளைத் தூரத்தில் வையுங்கள்.

குவைத் தங்கையின் வீட்டுக் கதையை முடித்துவிடுகிறேன். கான், பொலித்தீன், சிவப்புத் தரை, கக்கூஸுக்கும் குசினிக்கும் டைல்ஸ். அனுப்பிய காசு சரியாக இருந்தது. அம்மா குசினியில் நின்று அடுப்படிச் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். மகளிடம் தொலைபேசியில், “செவுரு காஞ்சிருச்சு புள்ள” என்றார். டைல்ஸைப் பற்றி இரண்டாவதாகத்தான் சொன்னார்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன். தரை வெடித்திருக்கிறது, அதனால் டைல்ஸ் ஒட்டப் போகிறேன் என்று சிலர் வருகிறார்கள். எல்லா வெடிப்பும் ஒன்றில்லை. மேல் பூச்சில் சிலந்தி வலை போல மெல்லிசாக ஓடுவது பூச்சு வேலையின் குறை. தரையிலும் சுவரிலும் ஒரே வரிசையில் போகிற வெடிப்பு, விரல் நுழைகிற வெடிப்பு, கதவு திடீரென்று இறுகுவது, முற்றத்து மரம் சாய்வது, இதுவரை இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்புவது, இவையெல்லாம் மலை நகர்கிறது என்பதன் அடையாளம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களோடு சனத்தை மண் மூடியது. அந்த மலை ஆபத்தானது என்று முன்பே சொல்லப்பட்டிருந்தும் போக இடமில்லாமல் நம் சனம் அங்கேயே இருந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் மலையகத்தில் எத்தனை இடம் சரிந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வெடிப்பின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் திகதி எழுதுங்கள். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் பாருங்கள். கோட்டைத் தாண்டி வெடிப்பு வளர்ந்திருந்தால் கிராம சேவகரிடம் சொல்லுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்து ஆட்களை வந்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். புதிதாகப் பின்னால் அறை இறக்க மேட்டை வெட்டுவதற்கு முன்பும் அவர்களிடம் கேளுங்கள். அடை மழை என்றால் சாமானைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் பிள்ளைகளோடு வெளியே வாருங்கள்.

அப்படி ஒரு வெடிப்பு உங்களில் யார் வீட்டிலாவது இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லிவிட்டுப் போங்கள். கடைசி பஸ் வரை நான் இங்கேதான் இருப்பேன்.